40 வயசுக்கு 40 புது விஷயம்… ஏன் 17லயே நிறுத்திட்டேன்?

வணக்கம்ங்க, எல்லாரும் எப்படி இருக்கீங்க? போன பிறந்தநாளுக்கு ஒரு வீடியோ போட்டிருந்தேன், பாத்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு 40 ஆகுது, அதனால இந்த ஒரு வருஷத்துல இதுவரைக்கும் செய்யாத 40 விஷயம் செஞ்சு பாக்கப்போறேன்னு சொல்லியிருந்தேன். "எத்தனை முடிஞ்சுது, எத்தனை முடிஞ்சுது"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கீங்க. 17 முடிஞ்சுது. அதோட நிறுத்திட்டேன். முடியாம நிறுத்தல, வேணும்னுதான் நிறுத்தினேன். அதைப் பத்திப் பேசத்தான் இன்னைக்கு உக்காந்திருக்கேன்.

ஆறு மாசம் கழிச்சு அந்த நோட்டை எடுத்துப் புரட்டினேன். ஒவ்வொரு வரிக்கும் நேரா டிக். ஒன்பதாவது வரியில "பானை செய்யறது"ன்னு எழுதியிருக்கு, அதுக்கும் டிக். ரெண்டு மணி நேரம் அந்தச் சக்கரத்துக்கு முன்னாடி உக்காந்திருக்கேன். ஆனா மண்ணு கையில எப்படி இருந்துச்சுன்னு யோசிச்சா ஒண்ணுமே வரல. போட்டோ இருக்கு, ஞாபகம் இல்ல. மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சுங்க. அடுத்தது என்ன, அடுத்தது என்னன்னு ஓடினதுல கையில இருந்ததைக் கவனிக்கவே இல்ல.

இந்த மாதிரி வயசு வரும்போது எதாவது பண்ணணும்னு தோணுறது எனக்கு மட்டும் இல்ல. ஆடம் ஆல்டர், ஹால் ஹெர்ஷ்ஃபீல்டுன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2014ல ஒரு கட்டுரை எழுதினாங்க. முதல் தடவையா மாரத்தான் ஓடறவங்களை எடுத்துப் பாத்தா 29, 39, 49ன்னு ஒன்பதுல முடியற வயசுக்காரங்க அதிகமா இருக்காங்கன்னு அதுல சொல்லியிருந்தாங்க. அடுத்த பத்து வந்து வாசல்ல நிக்குது, அதுக்குள்ள ஒண்ணு செஞ்சிடணும்ங்கற தவிப்பு. எனக்கு அது நல்லாவே புரியுது. 39 வயசுல பாதி ராத்திரி வரைக்கும் உக்காந்துதான் நான் அந்த லிஸ்ட்டை எழுதினேன்.

இன்னொண்ணும் இருக்கு. வயசாக ஆக வருஷம் வேகமா ஓடிடுதுன்னு எல்லாரும் சொல்றோம்ல? வில்லியம் ஜேம்ஸ்ங்கற உளவியலாளர் 1890லயே தன்னோட புத்தகத்துல இதை எழுதியிருக்கார். சின்ன வயசுல எல்லாமே புதுசு, அதனால நிறைய பதியுது. பெரியவங்களாகும்போது நாள் பழக்கத்துல ஓடுது, திரும்பிப் பாத்தா பிடிச்சுக்க ஒண்ணும் கிடைக்கறதில்ல. புதுசு புதுசா செஞ்சா வருஷம் நீளும்னு நான் நினைச்சது இதை வெச்சுத்தான். ஆனா அவசர அவசரமா செஞ்சா புதுசும் பதியாது. இதை அந்த நோட்டைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

அந்தப் 17ல ஒண்ணு மட்டும் அப்படியே கண்ணுக்குள்ள நிக்குது. நீச்சல். காரணம், அது ஒரே நாள்ல வரல!

சின்ன வயசுல யாரோ விளையாட்டா தண்ணில தள்ளிவிட்டதுல இருந்து எனக்குப் பயம். முதல் கிளாஸ்ல முட்டி அளவுத் தண்ணிலயே கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். மூணாவது கிளாஸ்ல கோச் என்னை மல்லாக்கப் படுக்கச் சொல்லி முதுகுக்குக் கீழ ஒரு கை வெச்சாங்க. காது ரெண்டும் தண்ணிக்குள்ள போச்சு. வெளிச் சத்தம் மொத்தமும் அணைஞ்சு, என் மூச்சு மட்டும் கேக்குது. பயத்துல தலையைத் தூக்கினேன், உடனே இடுப்பு கீழ இறங்குது. "தலையைத் தூக்காதீங்க, நெஞ்சுல காத்து இருக்கு, அது உங்களைத் தாங்கும்"னாங்க. அவங்க கையை எப்ப எடுத்தாங்கன்னு எனக்குத் தெரியவே இல்ல. கண்ணைத் திருப்பிப் பாத்தா ரெண்டடி தள்ளி நிக்கறாங்க.

அப்புறம் மூச்சு. நான் காத்தை இழுத்து அடக்கி வெச்சுக்கிட்டு நீந்துவேன், நாலு கை போடறதுக்குள்ள மூச்சு முட்டும். காத்து பத்தலன்னு நினைச்சேன். அப்படி இல்லையாம். உள்ள சேர்ற கரியமில வாயுதான் அந்தத் தவிப்பைக் கொடுக்குதாம். முகம் தண்ணிக்குள்ள இருக்கும்போதே மூக்கு வழியா குமிழி விட்டுக்கிட்டே இருந்தா, பக்கவாட்டுல திரும்பினதும் உள்ள இழுக்க இடம் இருக்கும். கேட்டா ஒரு நிமிஷ விஷயம், எனக்கு வர அஞ்சு வாரம் ஆச்சு. ஆனா அந்த அஞ்சு வாரத்துல ஒவ்வொரு நாளையும் என்னால தனித்தனியா சொல்ல முடியும்.

இங்கதான் எனக்கு விஷயம் பிடிபட்டுச்சு. ஒண்ணை ஒரு தடவை செஞ்சு பாக்கறது வேற, அதுல கொஞ்ச நாள் கத்துக்குட்டியா இருக்கறது வேற. நான் கத்துக்குட்டியா இருந்து எத்தனையோ வருஷம் ஆச்சுங்க. வேலையில, வீட்டுல எல்லாத்துலயும் நாமதான் சொல்லிக் கொடுக்கற இடத்துல இருக்கோம். ஒருத்தர் நம்ம தலையைப் பிடிச்சு "இப்படி வைங்க"ன்னு சொல்ற அந்த நிலைமை எனக்கு அவ்வளவு பிடிச்சிருந்துச்சு.

அதனால மிச்சம் 23ஐ அடிச்சுட்டு ரெண்டே ரெண்டு வெச்சுக்கிட்டேன். ஒண்ணு நீச்சல். இன்னொண்ணு, மூணு பந்தைக் கீழ விழாம மாத்தி மாத்தித் தூக்கிப் போட்டுப் பிடிக்கற வித்தை. இதைப் பத்தியும் 2004ல ஒரு ஆய்வு வந்திருக்கு. மூணு மாசம் இந்தப் பயிற்சி செஞ்சவங்களுக்கு, அசைவைக் கண்ணால கவனிக்கற மூளைப் பகுதி கொஞ்சம் பெருத்திருந்துச்சாம். பயிற்சியை விட்டதும் மறுபடி குறைஞ்சுதாம். அதனால தினமும் பத்து நிமிஷம் விடாம போடறேன். கட்டிலுக்கு முன்னாடி நின்னு போடுங்க, பந்து தவறினா மெத்தையில விழும், குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு வலிக்காது.

உங்கள்ல யாருக்காவது 30, 50, 60 வரப்போகுதா? லிஸ்ட் போடுங்க, வேண்டாம்னு சொல்லல. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல எத்தனை தடவை போவீங்கன்னு ஒரு எண்ணையும் எழுதுங்க. ஒண்ணுன்னு மட்டும் எழுதாதீங்க.

எனக்கு இப்போ வலது பக்கம் திரும்பினா மூச்சு வருது. இடது பக்கம் இன்னும் வரல, தண்ணி வாய்க்குள்ள போயிடுது. நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு கிளாஸ், இடது பக்கம் மட்டும்தான்னு கோச் சொல்லிட்டாங்க. போய் பையை எடுத்து வெக்கறேன். வரேங்க.