கேள்வி: 50 கிலோ சாக்குக்கு 90 ஜி.எஸ்.எம். துணியா, 110-ஆ?

வணக்கம். ஒரு நேயர் கேட்டிருக்கார்: "50 கிலோ மணல் நிரப்ப பிளாஸ்டிக் இழையில நெய்த சாக்கு வேணும். ஒருத்தர் 90 ஜி.எஸ்.எம். சொல்றார், இன்னொருத்தர் அதே விலைக்கு 110 தர்றேங்கிறார். 110 வாங்கிடலாமா?"

ரொம்பப் பிடிச்ச கேள்வி இது. அந்த 110-ல லேமினேஷன், அதாவது துணி மேல பூசுற பிளாஸ்டிக் படலம், சேர்ந்திருக்கா? முதல்ல அதைக் கேளுங்க. நம்ம பழைய வீடியோ பார்த்தவங்களுக்குத் தெரியும், ஜி.எஸ்.எம்.ங்கிறது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்ங்கிற எடை. பலம் இல்ல. லேமினேஷனே 25 கிராம் வந்தா, மிச்சம் துணி 85 தான். லேமினேஷன் ஈரத்தையும் தூசியையும் தடுக்கும், சுமையை இழைதான் தாங்கணும். அப்போ லேமினேஷன் இல்லாத அந்த 90-ல தான் இழை அதிகம்.

சரி, துணியோட எடை எங்கிருந்து வருது? இழையோட டீனியர், அதாவது 9000 மீட்டர் இழை எத்தனை கிராம்ங்கிறது. அப்புறம் மெஷ், ஒரு அங்குலத்துல எத்தனை இழைங்கிறது. பாவு (நீளவாக்கு இழை) மெஷ்ஷையும் ஊடை (குறுக்கு இழை) மெஷ்ஷையும் கூட்டி, டீனியரால பெருக்கி, 228.6 ஆல வகுங்க. 10க்கு 10 மெஷ், 1000 டீனியர்னா 87.5 வரும். நெசவு வளைவுல இன்னும் சிறிது கூடும். லேமினேஷன் போட்ட துணியை எடை போட்டு இதைக் கழிச்சா, மேல பூசினது எவ்வளவுன்னு தெரிஞ்சிடும்.

டீனியரை நீங்களே பார்க்கலாம். லேமினேஷன் போடாத துண்டுல இருந்து 90 சென்டிமீட்டர் இழை 10 உருவுங்க. மொத்தம் 9 மீட்டர். 1 கிராம் நின்னா 1000 டீனியர். நகைக்கடைத் தராசு மாதிரி 0.01 கிராம் காட்டுறது வேணும், சமையல் தராசு ஆகாது. ஜி.எஸ்.எம்.முக்கு 10க்கு 10 சென்டிமீட்டர் வெட்டி, எடையை 100 ஆல பெருக்குங்க. ஒரே இடத்துல வெட்டாதீங்க, ஓரம், நடு, ஓரம்னு மூணு இடம்.

எடை சரியா இருந்தும் கிழியுதா? இழையோட பிளாஸ்டிக்ல கலக்குற சுண்ணாம்புத்தூள் ஃபில்லர், அதாவது கால்சியம் கார்பனேட், கூடியிருக்கலாம். சாக்கு இழையோட பிளாஸ்டிக்கான பாலிப்ரொப்பிலீன் அடர்த்தி 0.9, கால்சியம் கார்பனேட் 2.7, மூணு மடங்கு. எடை ஏறும், பலம் இறங்கும். துண்டை எரிச்சுப் பாருங்க. சாம்பல் கொஞ்சம் நிக்கிறது சகஜம், நிறைய நின்னா கேள்வி கேளுங்க. திரும்பவும் சொல்றேன், எடை வேற, பலம் வேற.

நீங்க நிஜமா கேட்க வேண்டியது, "5 சென்டிமீட்டர் அகலப் பட்டை எத்தனை கிலோவுல அறுந்துது?"ங்கிறதுதான். நல்ல இழை ஒரு டீனியருக்கு 5 கிராம் தாங்கும். அப்போ 1000 டீனியர் இழை ஒண்ணு 5 கிலோ. 10 மெஷ்னா 5 சென்டிமீட்டர்ல ஏறக்குறைய 20 இழை, 100 கிலோ. பாவுல ஒரு அளவு, ஊடையில ஒரு அளவு, ரெண்டையும் கேளுங்க. ஒரு பக்கம் மட்டும் நல்லா இருந்தா சாக்கு மறுபக்கம் கிழியும். தையல்லயும் பாருங்க, ஊசி ஓட்டை விழுற இடத்துல பலம் குறையும், அதனால அடியை மடிச்சுத் தைக்கணும்.

1 டன் சுமக்குற ஜம்போ பை, அதாவது காதுல மாட்டித் தூக்குற பெரிய பை, கேட்ட இன்னொருத்தருக்கும் இதேதான். ஒருமுறை பயன்படுத்துற பைன்னா சோதனையில சுமையைப் போல 5 மடங்கு, அதாவது 5 டன் தாங்கணும். சுமை நாலு காதுலயும் குவியுறதால, 200 ஜி.எஸ்.எம். துணி போட்டும் காது தையல்ல பிரியலாம். மணல் சாக்கை வெளியில அடுக்கினா யு.வி. ஸ்டெபிலைசர் (வெயிலோட புற ஊதாக் கதிர்ல இழை கெடாம காக்குற பொருள்) சேர்த்த இழையா கேட்டு வாங்குங்க. இல்லாட்டி, எத்தனை ஜி.எஸ்.எம். போட்டாலும் வெயில்ல உதிர்ந்துடும்.