படகில் இருந்த இன்னொருவர்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

எந்த நிறுவனத்திலும் மாதச் சம்பளம் வாங்காமல், நாடு விட்டு நாடு சென்று, காடு அழிவதையும் ஆறு கெடுவதையும் அதனால் மனிதர்கள் படும் பாட்டையும் எழுதிப் பிழைப்பவர்களைத் தமிழில் சுதந்திரப் பத்திரிகையாளர்கள் என்கிறோம். நானும் பதினைந்து ஆண்டுகளாக அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு திரிகிறவன்தான். அந்தப் பெயரில் சுதந்திரம் எவ்வளவு, பிறரை நம்பி நிற்பது எவ்வளவு என்று யாராவது கேட்டால், 2022ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் தேதி காலையில் பிரேசில் நாட்டின் இட்டாக்குவாய் ஆற்றில் சென்ற ஒரு சிறு விசைப்படகுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. அன்று ஞாயிற்றுக்கிழமை, உலகச் சுற்றுச்சூழல் நாளும்கூட.

அந்தப் படகில் இருவர் இருந்தனர். ஒருவர் டோம் ஃபிலிப்ஸ், வயது 57, லிவர்பூல் நகருக்கு அருகில் பிறந்த ஆங்கிலேயர், சுதந்திரப் பத்திரிகையாளர். மற்றவர் புருனோ பெரேரா, வயது 41, பழங்குடி மக்களுக்கான பிரேசில் அரசுத் துறையான ஃபுனாயின் அலுவலர், அப்போது சம்பளமில்லா விடுப்பில் இருந்தவர். சாவோ ரஃபேல் என்னும் ஆற்றங்கரைக் குடியிருப்பிலிருந்து புறப்பட்ட அவர்கள், ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணத்தில் அத்தலாயா தோ நோர்ட்டே என்ற சிற்றூரை அடைந்திருக்க வேண்டும். அடையவில்லை.

ஃபிலிப்ஸ் அமேசான் காட்டுக்கு வந்து சேர்ந்த வழி நேரானது அன்று. 1990களில் நடன இசைக்கென்றே வெளிவந்த ஓர் ஆங்கில இதழின் ஆசிரியராக இருந்தவர் அவர். 2007இல் பிரேசிலுக்குக் குடிபெயர்ந்து, போர்த்துகீசிய மொழியைக் கற்றுக்கொண்டு, எண்ணெய்த் தொழில், கால்பந்து, அரசியல் என்று கிடைத்ததையெல்லாம் கார்டியன், வாஷிங்டன் போஸ்ட், நியூயார்க் டைம்ஸ் போன்ற ஏடுகளுக்கு எழுதினார். எங்கள் தொழிலில் இது வழக்கந்தான். மனத்துக்குப் பிடித்த பொருளைப் பற்றி எழுதுவதற்கு முன்னால், வாடகை கொடுக்க உதவும் பொருளைப் பற்றிப் பல ஆண்டுகள் எழுதியாக வேண்டும்.

மாட்டிறைச்சி பற்றி அவரும் சக செய்தியாளர்களும் சேர்ந்து எழுதியவற்றைப் படித்தால், நாடுகளைக் கடந்து எழுதுவது என்றால் என்ன என்பது விளங்கும். அமேசானில் காட்டை எரித்து மேய்ச்சல் நிலமாக்குபவரின் பண்ணையை அரசு தடைப்பட்டியலில் சேர்த்துவிட்டால், பெரிய இறைச்சி நிறுவனங்கள் அங்கிருந்து மாடு வாங்கக் கூடாது. ஆகவே அந்த மாடுகள் முதலில் பட்டியலில் இல்லாத வேறொரு பண்ணைக்குப் போய், அங்கிருந்து ‘சுத்தமான’ மாடுகளாக வெட்டுக்கூடத்துக்கு வருகின்றன. கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைப் போன்ற இந்த வேலையை அங்கே மாட்டுச் சலவை என்றே சொல்கிறார்கள். கடைசிப் பண்ணையை மட்டும் சரிபார்க்கும் நிறுவனம், தன் மேல் குற்றமில்லை என்று கைகழுவிவிடலாம். 2020இல் வெளிவந்த ஒரு புலனாய்வில் இதற்கான தடயம் எங்கே கிடைத்தது தெரியுமா? மாடு ஏற்றிச் சென்ற லாரி ஓட்டுநர் ஒருவர் தம் பயணத்தைப் பெருமையோடு படமெடுத்து முகநூலில் போட்டிருந்தார். லண்டனிலும் பிரேசிலிலும் இருந்த மூன்று செய்தி அமைப்புகள் அந்தப் படங்களை வைத்துக்கொண்டு ஒரு பண்ணையையும் இன்னொரு பண்ணையையும் இணைத்துக் காட்டின. 

பிரேசிலின் அமேசான் பகுதியில் ஓராண்டுக் காடழிப்பு 2012இல் சுமார் 4,600 சதுர கிலோமீட்டராகக் குறைந்து, 2021இல் 13,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. இந்த ஏற்றம் தொடங்கியிருந்த 2019 ஜூலையில், பத்திரிகையாளர்களுக்கு அளிக்கப்பட்ட காலைச் சிற்றுண்டிக் கூட்டத்தில் அதிபர் போல்சொனாரோவிடம் ஃபிலிப்ஸ் இதைப் பற்றிக் கேட்டார். அமேசான் பிரேசிலுடையது, உங்களுடையது அல்ல என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள் என்று அதிபர் மறுமொழி கூறிய அந்தக் காட்சி நாடு முழுவதும் பரவியது. அயல்நாட்டுச் செய்தியாளன் எங்கு போனாலும் காதில் விழும் வாசகந்தான் அது. அதை முழுக்கத் தள்ளிவிடவும் என்னால் முடியவில்லை. வெளியூர்க்காரன் பத்து நாள் தங்கி என்ன கண்டுவிட முடியும் என்ற கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் அதைக் கேட்கும் உரிமை காட்டில் வாழ்பவர்களுக்கு உரியது. அதிபருடைய உரிமை அதில் எவ்வளவு என்பது வேறு விஷயம்.

அந்தக் கேள்விக்கு ஃபிலிப்ஸ் கண்ட விடைதான் புருனோ. பெரு நாட்டு எல்லையை ஒட்டிய ஜவாரிப் பள்ளத்தாக்கு, சுமார் 85,000 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு என்று சொன்னால் அளவு புரியும். மருபோ, மாட்டிஸ், கனமாரி, கொருபோ முதலிய இனத்தவரோடு, வெளியுலகத் தொடர்பே வேண்டாம் என்று ஒதுங்கி வாழும் கூட்டத்தார் உலகிலேயே மிக அதிகமாக இருப்பதும் அங்கேதான். 2018இல் புருனோ தலைமையில் அங்கே சென்ற ஒரு குழுவோடு ஃபிலிப்ஸ் பதினேழு நாள் ஆற்றிலும் காட்டிலும் பயணம் செய்தார். அதைப் பற்றி எழுதிய கட்டுரையின் தொடக்கத்தில் அவர் வரைந்த காட்சி மறக்க முடியாதது. அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாகச் சேற்றில் குந்தியிருக்கும் அரசு அலுவலர், வேகவைத்த குரங்குத் தலையைக் கரண்டியால் உடைத்து, மூளையைக் காலை உணவாகச் சாப்பிட்டபடியே அரசின் கொள்கையைப் பற்றிப் பேசுகிறார். கட்டுரையாளருக்கு அந்தக் காட்டின் கதவைத் திறந்துவிட்டவர் யார் என்பதை முதல் வாக்கியமே சொல்லிவிடுகிறது. பெரும்பாலான கட்டுரைகள் அதை மறைத்துவிடும்.

மறைக்கப்படும் அந்த ஆளுக்கு எங்கள் தொழிலில் ‘ஃபிக்ஸர்’ என்று ஒரு பெயர் உண்டு. எனக்குப் பிடிக்காத பெயர். மொழிபெயர்ப்பதும், வண்டி பிடிப்பதும், எந்த வீட்டில் எந்த நேரத்தில் நுழையலாம், எந்தக் கரையில் இறங்கவே கூடாது என்று சொல்வதும் அவர்தான். கட்டுரை வெளியாகும்போது எழுதியவர் வேறொரு நாட்டில் இருப்பார். ஃபிக்ஸர் அதே ஊரில், அதே தெருவில் இருப்பார்.

புருனோவை ஃபிக்ஸர் என்று யாரும் அழைக்கவில்லை. அவர் அதற்கெல்லாம் மேம்பட்டவர். ஆற்றில் சட்டவிரோதமாகத் தங்கம் எடுப்பவர்களின் மிதவைகளை அழித்த நடவடிக்கைக்குப் பிறகு, 2019 அக்டோபரில் ஃபுனாயில் அவர் வகித்த பொறுப்பு பறிக்கப்பட்டது. விடுப்பு எடுத்துக்கொண்டு, உனிவாஜா என்ற பழங்குடியினர் கூட்டமைப்பில் சேர்ந்து, டிரோனும் ஜிபிஎஸ் கருவியும் கொண்டு தங்கள் எல்லையைத் தாங்களே காவல் காக்கும் வகையில் அம்மக்களுக்குப் பயிற்சி அளித்தார்.

அந்தக் காவலுக்கு ஒரு காரணம் மீன். பிராருக்கு என்பது மூன்று மீட்டர் வரை வளரக்கூடிய, இருநூறு கிலோ எடையைத் தொடும் நன்னீர் மீன். அதற்குச் செவுள் மட்டும் போதாது. சில நிமிடங்களுக்கு ஒரு முறை நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கிச் செல்ல வேண்டும். அந்த நொடிக்காகப் படகில் அசையாமல் நின்று ஈட்டி எறிவார்கள். வெளியே உள்ள ஏரிகளில் அது குறைந்துபோக, பழங்குடியினரின் ஏரிகளில் நிறைந்திருக்க, திருட்டு மீன்பிடிப்பு பெருந்தொழிலாகிவிட்டது. பிடிப்பவர்கள் பெரும்பாலும் ஏழை ஆற்றங்கரை மக்கள். அவர்களில் சிலருடைய குடும்பங்கள் பழங்குடி நிலம் வரையறுக்கப்பட்டபோது அங்கிருந்து வெளியேற்றப்பட்டவை. அவர்கள் தரப்பையும் கேட்க வேண்டும் என்று ஃபிலிப்ஸ் விரும்பினார். அவர் எழுதிக்கொண்டிருந்த ‘அமேசானைக் காப்பது எப்படி’ என்ற நூலுக்காகத்தான் இந்தக் கடைசிப் பயணம்.

இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அரசு வழக்கறிஞர்கள் குற்றப்பத்திரிகையில் கூறிய காரணம், குற்றஞ்சாட்டப்பட்ட மீனவர்களின் படகைப் படம் எடுக்கும்படி புருனோ ஃபிலிப்ஸிடம் கேட்டார் என்பது. ஃபிலிப்ஸ் கொல்லப்பட்டதோ, அவர் புருனோவுடன் இருந்ததால், சாட்சி மிஞ்சக் கூடாது என்பதற்காக. உலக ஏடுகள் பலவற்றில் தலைப்பில் வந்தவர் ஆங்கிலேயப் பத்திரிகையாளர். ஆனால் குறி வைக்கப்பட்டவர் புருனோ. இருவரும் காணாமற்போன செய்தி வந்தபோது, பரிந்துரைக்கத்தகாத சாகசம் என்று அதிபர் சொன்னார். பல ஆண்டு அந்த ஆற்றிலேயே வேலை செய்த ஒருவர் வழக்கமான வழியில் ஊர் திரும்புவதைச் சாகசம் என்று எந்த அகராதியும் சொல்லாது.

அன்றே தேடப் புறப்பட்டவர்கள் உனிவாஜாவின் பழங்குடியினர்தான். அரசுப் படைகள் பிறகு வந்தன. நீரில் பாதி மூழ்கிய மரத்தில் கட்டப்பட்டிருந்த முதுகுப்பையைத் தீயணைப்புத் துறையின் முக்குளிப்பவர்கள் மீட்டது, பழங்குடித் தேடுநர்கள் அடையாளம் காட்டிய பகுதியில்தான். பத்தாம் நாள், பிடிபட்ட மீனவர் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு இடத்தைக் காட்டிய பிறகே உடல்கள் கிடைத்தன. மறு ஆண்டு 16 ஊடகங்களைச் சேர்ந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட செய்தியாளர்கள் கூடி அவர்களுடைய வேலையைத் தொடர்ந்தனர். முற்றுப்பெறாத நூலை நண்பர்கள் எழுதி முடித்து 2025இல் வெளியிட்டனர்.

படகைப் படம் எடுத்தது பற்றிய அந்த வரியைப் படித்த நாளில் எனக்கு உறக்கம் வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, எண்ணூர்க் கழிமுகத்தில் நிலக்கரிச் சாம்பல் படிவதைப் பற்றி அயல்நாட்டு இதழ் ஒன்றுக்கு எழுதச் சென்றிருந்தேன். சேற்றில் அமர்ந்து, ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களிடம் என்னை அழைத்துச் சென்றவர் ஒரு படகோட்டி. குழாய் எங்கே கசிகிறது என்று காட்டியவரும் அவரே. பெயர் போட வேண்டாம் என்றார்; போடவில்லை. கட்டுரையை மூன்று முறை சரிபார்த்தேன். வெளியான மறுவாரம் தொலைபேசியில் அழைத்தார். குரலில் கோபமே இல்லை. “சார், பேரு போடல, சரி. ஆனா போட்டோவுல என் படகு நம்பர் தெரியுதே. ரெண்டு பேரு வந்து கேட்டுட்டுப் போனாங்க.”

எழுத்தைச் சரிபார்த்த நான் படத்தைச் சரிபார்க்கவில்லை. இதழ், இணையத்தில் இருந்த படத்தை அன்றே மாற்றிவிட்டது. அச்சான பிரதிகளை யார் மாற்றுவது? அவருக்கு அதற்கு மேல் தொல்லை வரவில்லை என்பது என் சாமர்த்தியம் அல்ல.

இப்போதெல்லாம் ஓர் இதழுக்குச் செலவு மதிப்பீடு அனுப்பும்போது, விமானக் கட்டணத்துக்கும் தங்கும் விடுதிக்கும் மேலே, முதல் வரியாக உள்ளூர்த் துணைவரின் நாட்கூலியையும், கட்டுரை வெளியான பிறகு ஒரு மாத காலத்துக்கு அவருக்குத் தேவைப்படக்கூடிய செலவையும் எழுதுகிறேன். சில ஆசிரியர்கள் அந்த இரண்டாவது தொகையை அடித்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். நான் மறுபடியும் எழுதி அனுப்புகிறேன்.

நன்றி, வணக்கம்.