மனுவில் பெயர் எழுதும் நாள்

வணக்கம் நேயர்களே. தேர்தல் என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருவது வாக்குச்சாவடியும் விரலில் பூசுகிற மையும்தான். நான் இன்றைக்குப் பேச வந்தது அதற்குப் பல வாரங்கள் முன்னால் வருகிற ஒரு நாளைப் பற்றி. வேட்புமனுவில் பெயர் எழுதும் நாள். நம்முடைய நகர சபையிலும் பிரதேச சபையிலும் யார் உட்காரப் போகிறார்கள் என்பதில் பாதிக்கு மேல் அந்த நாளிலேயே முடிவாகிவிடுகிறது, நமக்குத்தான் அது தெரிவதில்லை.

2025 மார்ச் 20, வியாழக்கிழமை. நுவரெலியா கச்சேரி, அதாவது மாவட்டச் செயலக வாசலில் நான் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டங்களிலும் இருந்து சேர்ந்த ஒரு சுயேச்சைக் குழுவின் மனுவைக் கொண்டு போயிருந்தோம். மனு ஏற்கும் நேரம் நண்பகல் 12 மணியோடு முடியும். அதற்குப் பிறகு ஒன்றரை மணி வரை ஆட்சேபனை சொல்லலாம். அப்புறம் தேர்தலை நடத்துகிற தெரிவத்தாட்சி அலுவலர் எந்த மனுவை ஏற்றார், எதை நிராகரித்தார் என்று வாசிப்பார். எங்களுடையது நிராகரிக்கப்பட்டது. ஒரே ஓர் ஆள் குறைந்தது, அவ்வளவுதான்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன், ஏனென்றால் இது யாருக்கும் நடக்கலாம். மனுவில் உள்ள வேட்பாளர்களில் நான்கில் ஒரு பங்கினர் 35 வயதுக்கு மேற்படாத இளைஞர்களாக இருக்க வேண்டும், வயதைப் பிறப்புச் சான்றிதழைக் கொண்டு காட்ட வேண்டும். எங்களிடம் சரியாகக் கணக்குப் பார்த்து ஆட்கள் இருந்தார்கள். அதில் ஒரு தம்பிக்கு வயது 34 என்று அவன் அம்மாவே அடித்துச் சொன்னார். முதல் நாள் இரவு ஏழு மணிக்கு லயத்து வீட்டில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், எல்லாச் சான்றிதழ்களையும் பாயில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தபோதுதான், பதிவின்படி அவனுக்கு 36 என்று தெரிந்தது. அந்த வீட்டில் ஒருவரும் அதைக் கவனித்ததே இல்லை.

உடனே டோர்ச் லைட்டை எடுத்துக்கொண்டு பணிய கணக்குக்கு, அதாவது தோட்டத்தின் கீழ்ப் பிரிவுக்கு, இறங்கினோம். அங்கே உயர்தரம் முடித்துவிட்டு முன்பள்ளியில் படிப்பிக்கிற ஒரு பிள்ளை இருந்தாள், 22 வயது. அவள் உடனே சரி என்றாள், அப்பாதான் யோசித்தார். அவரையும் பேசிச் சம்மதிக்க வைத்தோம். சான்றிதழைக் கேட்டால், அவளுடைய அம்மா சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்துத் திறந்தார். நான்காக மடித்து வைத்த காகிதம், கூரை ஒழுகி எப்போதோ நனைந்திருக்கிறது. மடிப்பு விழுந்த இடத்தில், சரியாகப் பிறந்த வருடம் எழுதிய இடத்தில், எழுத்துக் கரைந்து நீலக் கறையாகப் பரவியிருந்தது. ராத்திரி எட்டு மணிக்குப் பிரதியெடுக்க எந்தப் பதிவாளரிடம் போவது? அதையே கொண்டு போனோம். அது செல்லவில்லை.

கச்சேரியில் இருந்தவர்களை நான் குறை சொல்லவில்லை, தவறு எங்களுடையது. நாங்கள் மட்டும் அல்ல, அந்த முறை நாடு முழுவதும் 400க்கு மேற்பட்ட மனுக்கள் நிராகரிக்கப்பட்டன. பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி தொடர்பாகச் சிலர் நீதிமன்றத்துக்குப் போய், அவற்றில் ஒரு பகுதியை ஏற்கும்படி உத்தரவும் வாங்கினார்கள். எங்களிடம் வழக்குப் போடக் காசு மிச்சம் இருக்கவில்லை.

காசு என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். அங்கீகரிக்கப்பட்ட கட்சி என்றால் வேட்பாளர் ஒருவருக்குக் கட்டுப்பணம் 1,500 ரூபாய். சுயேச்சைக் குழு என்றால் 5,000 ரூபாய். அப்போது தோட்டத்தில் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய். ஓர் ஆளின் கட்டுப்பணத்துக்கு ஏறத்தாழ நான்கு நாள் கொழுந்து பறிக்க வேண்டும், அதையும் மனுவில் உள்ள எல்லோருக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். கட்சிக்கு ஒரு விலை, லயத்து ஆட்களுக்கு அதைவிட மூன்று மடங்குக்கு மேல் ஒரு விலை என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. விளையாட்டுக்கு மனுப் போடுகிறவர்களைத் தடுக்கத்தான் இந்தத் தொகை என்பார்கள். எங்களில் ஒருவரும் விளையாட்டுக்கு வரவில்லை.

சரி, இந்தச் சபையில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கலாம். மலையகத்துக்காரர் கேட்கக் கூடாத கேள்வி அது. 1937இல் வந்த கிராமச் சபைச் சட்டம் தோட்ட லயங்களில் இருந்த தொழிலாளரை வாக்களிப்பிலிருந்து விலக்கியது. 1948இல் பிரஜாவுரிமையே போயிற்று. பிறகு இந்தியாவோடு ஒப்பந்தங்கள், விண்ணப்பங்கள், காத்திருப்பு, கடைசியாக 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை வந்துதான் அந்தக் கணக்கு முடிந்தது. வாக்கு கிடைத்த பிறகும் இன்னொரு பூட்டு இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று, அதன்படி சபையின் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்க முடியாமல் இருந்தது. நம் வாக்கில் வென்ற உறுப்பினர், நம் லயத்துக்கு முன்னால் ஓடுகிற கானை, கழிவுநீர் வாய்க்காலை, கட்டித் தர முடியாது! அது தோட்டத்துக் கான், கம்பனியைக் கேளுங்கள் என்பார்கள். 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். அதே காலத்தில், ஒவ்வொன்றிலும் இரண்டு லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்த நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகளைப் பிரித்து அக்கரப்பத்தனை, கொட்டகலை, நோர்வூட், மஸ்கெலியா என்று நான்கு புதிய சபைகளும் வந்தன. இரண்டு இருந்த இடத்தில் ஆறு. இவ்வளவு காலம் காத்திருந்து கிடைத்த கதவு இது, அதற்குள் யார் போகிறார்கள் என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

இப்போது தேர்தல் முறைக்கு வருகிறேன். உறுப்பினர்களில் 60 வீதம் சபைப் பகுதியைப் பிரித்த வட்டாரங்களிலிருந்து, 40 வீதம் மனுவில் தனியாகக் கொடுக்கிற பெயர்ப் பட்டியலிலிருந்து. வாக்குச்சீட்டு ஒன்றுதான், கட்சியின் அல்லது குழுவின் சின்னத்துக்கு நேரே ஒரு புள்ளடி போட வேண்டும். கட்சிக்குள் இன்ன வேட்பாளர் வேண்டும் என்று குறிக்கிற விருப்பு இலக்கம் கிடையாது. பாராளுமன்றத் தேர்தல் பழக்கத்தில் ‘அக்கா, உங்கள் இலக்கம் என்ன?’ என்று எத்தனையோ பேர் கேட்கிறார்கள், இதில் இலக்கமே இல்லை. உங்கள் புள்ளடி இரண்டு வேலை செய்கிறது. வட்டாரத்தில் யார் வெல்வது என்பதை முடிவு செய்கிறது, அப்புறம் முழுச் சபைக்கும் அந்தக் கட்சிக்கு எத்தனை ஆசனம் என்ற கணக்கிலும் சேர்கிறது. மொத்த வாக்குப்படி வர வேண்டிய ஆசனத்தில் வட்டாரங்களில் வென்றதைக் கழித்து, மிச்சத்தைப் பட்டியலிலிருந்து கொடுப்பார்கள்.

இந்த ‘மிச்சம்’ என்ற இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பட்டியலில் உள்ளவர்களில் யாருக்கு அந்த ஆசனம் என்பதை வாக்காளர் தீர்மானிப்பதில்லை. முடிவு வந்த பிறகு கட்சியின் செயலாளர் பெயர் குறித்துக் கொடுப்பார், சுயேச்சை என்றால் குழுத் தலைவர். வட்டாரத்தில் தோற்றவரையும் போடலாம். இப்போது பெண்களின் கணக்கைப் பாருங்கள். சபையில் 25 வீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம், நல்ல சட்டம், அதற்கு முன்பு நாட்டின் உள்ளூராட்சி மன்றங்களில் பெண்கள் 2 வீதம்கூட இல்லை. ஆனால் மனுவில் என்ன கேட்கிறார்கள்? வட்டார வேட்பாளர்களில் 10 வீதம் பெண்கள் போதும், பட்டியலில்தான் பாதிப் பேர் பெண்கள். வீட்டுக்கு வீடு ஏறி இறங்கி, தெரிந்த முகம் என்று வாக்குக் கேட்டு, வெல்லக்கூடிய இடம் வட்டாரம். அங்கே ஆண்கள். எண்ணிக்கை நிரப்ப வேண்டிய இடம் பட்டியல். அங்கே பெண்கள்.

மாதர் சங்கத் தலைவியாக இருபது வருடம் உழைத்த ஓர் அக்காவை எனக்குத் தெரியும். மனுப் போடுவதற்கு முதல் நாள் வந்து ‘ஓர் ஒப்பம் வையுங்கள்’ என்றார்கள், வைத்தார். கட்சிக்காக மழையில் நனைந்து நாலு டிவிஷன் ஏறி வாக்குக் கேட்டார். கட்சிக்குப் பட்டியல் ஆசனமும் கிடைத்தது, அது இன்னொருவருக்குப் போயிற்று. அவர் அன்றைக்கு என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: “அப்போ என் பேரை எதுக்கு எழுதுனாங்க?” ஒப்பம் வைப்பதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. எனக்கு வட்டாரம் தருகிறீர்களா, பட்டியலா? பட்டியல் என்றால் யாருக்கு ஆசனம் என்பதை எப்படி முடிவு செய்வீர்கள்? எழுத்தில் தருவீர்களா? அவர் அதைக் கேட்கவில்லை, கேட்கலாம் என்று நாங்களும் அவருக்குச் சொல்லவில்லை.

மேயர், தவிசாளர் தெரிவிலும் நமக்கு நேரடி வாக்கு இல்லை. ஒரு கட்சிக்குச் சபையில் பாதிக்கு மேல் ஆசனம் இருந்தால் அந்தக் கட்சியே பெயர் குறிக்கும். இல்லையென்றால் முதல் கூட்டத்தில் உறுப்பினர்கள் வாக்களிப்பார்கள், அது பகிரங்கமாகவா இரகசியமாகவா என்பதையும் அவர்களே தீர்மானிப்பார்கள். 2025 ஜூன் 16 கொழும்பு மாநகர சபையில் இரகசிய வாக்கெடுப்பு நடந்தது, 61க்கு 54. அதில் எந்த உறுப்பினர் யாருக்குப் போட்டார் என்று அவருக்கு வாக்களித்த மக்களுக்குத் தெரியாது. என் வட்டாரத்தில் வென்றவர் யாருக்குக் கை தூக்கினார் என்பது எனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

சபைகளின் காலம் நான்கு வருடம், இப்போது உள்ளவை 2025 ஜூன் 2இல் தொடங்கின. நேரத்துக்கு நடக்கும் என்று உறுதியில்லைதான். 2023 மார்ச்சில் நடக்க வேண்டியது நடக்கவில்லை, அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னது, அப்படியும் 2025 மே 6 வரை இழுத்தது. ஆனாலும் நாம் ஆயத்தமாக இருக்கலாமே. கிராம உத்தியோகத்தர் வாக்காளர் இடாப்புப் படிவம் கொண்டு வரும்போது, வீட்டில் 18 வயது ஆன எல்லோருடைய பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள், அந்தச் சபைப் பகுதியின் இடாப்பில் பெயர் இல்லாதவர் அந்தச் சபைக்குப் போட்டியிட முடியாது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், பள்ளிக்கூடத்தில் மூன்றாவது பெயர் என்று இருக்கிற பிள்ளைகள் நம்மிடம் நிறையப் பேர், அதையும் இப்போதே திருத்துங்கள்.

பணிய கணக்குப் பிள்ளை அந்த ஏப்ரலிலேயே ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, காலை பஸ்ஸில் பிரதேச செயலகத்துக்குப் போய் வரிசையில் நின்று சான்றிதழின் புதிய பிரதிகள் இரண்டு வாங்கினாள். ஒன்றை பிளாஸ்டிக் உறையில் போட்டு அவள் வைத்திருக்கிறாள். மற்றதை என்னிடம் கொண்டு வந்து தந்து, “இது உங்ககிட்ட இருக்கட்டும் டீச்சர், அடுத்த தடவை வட்டாரத்துல போடுங்க” என்றாள். என் அலுமாரியில் இருக்கிறது. வணக்கம்.