தேர்வுக் குழுவில் களப்பணியாளருக்கு இடம் வேண்டும்

பேரவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் அறங்காவலர் குழுத் தலைவர் அவர்களே, பல்லாண்டுகள் உழைத்து விடைபெறும் இயக்குநர் அவர்களே, நோயாளிகளைப் பார்த்துவிட்டு நேரே இங்கு வந்திருக்கும் மருத்துவப் பெருமக்களே, நன்கொடையாளர்களே, முன்வரிசை காலியாக இருந்தும் பின்னால் போய் உட்கார்ந்திருக்கும் களப்பணியாளர் சகோதரிகளே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நம் நலவாழ்வுத் தொண்டு நிறுவனத்தின் புதிய இயக்குநரை யார் தேர்ந்தெடுப்பது, பொறுப்பு எப்படிக் கைமாறுவது, முதல் ஆண்டில் அவரிடம் எதை எதிர்பார்ப்பது என்று மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். முதல் செய்தியை மட்டும் இப்போது அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். நம் தேர்வுக் குழுவைப் பாருங்கள். அறங்காவலர்கள் இருக்கிறார்கள், நிதி தருபவர்களின் பிரதிநிதி இருக்கிறார். வீடு வீடாகப் போகிற களப்பணியாளர் ஒருவர்கூட இல்லை. தங்கள் நலவாழ்வைத் திட்டமிடுவதில் பங்கேற்பது மக்களின் உரிமை மட்டுமல்ல, கடமையும்கூட என்று 1978-லேயே உலக நாடுகள் கூடிய அல்மா ஆட்டா நலவாழ்வு மாநாடு அறிவித்துவிட்டது. இயக்குநரைத் தேடும்போது மட்டும் அது ஏன் நினைவுக்கு வருவதில்லை?

வங்கதேசத்தின் பிராக் தொண்டு நிறுவனத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஃபஸ்லே ஹசன் ஆபெத் 1972-இல் தொடங்கியது. வயிற்றுப்போக்கில் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்த காலம். 1980 முதல் அதன் பெண் பணியாளர்கள் ஒவ்வொரு வீடாகப் போய் உட்கார்ந்து தாய்மாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மூன்று விரலில் அள்ளிய உப்பு, ஒரு பிடி வெல்லம், ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீர். அவ்வளவுதான் மருந்து! தாயே தன் கையால் கலக்க வேண்டும். அப்புறம் சில நாள் கழித்து இன்னொருவர் வந்து, அந்தத் தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று கேட்பார். அதைப் பொறுத்துத்தான் பணியாளருக்குச் சம்பளம். தாய்மாரும் சரியாகவே பதில் சொன்னார்கள். ஆனால் குழந்தைக்கு நோய் வந்தபோது பலர் கலந்து கொடுக்கவில்லை. ஏன் என்று தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து யோசித்தால் தெரியுமா? களத்தில் விசாரித்தபோதுதான் தெரிந்தது: சொல்லிக்கொடுத்த பணியாளர்களிலேயே பலருக்கு அந்தக் கரைசலில் நம்பிக்கை இல்லை. வீட்டு ஆண்களிடம் யாரும் பேசவும் இல்லை. பணியாளர்களுக்கு அது வேலை செய்யும் விதத்தை விளக்கினார்கள். சந்தையிலும் பள்ளிவாசலிலும் ஆண்களைக் கூட்டிப் பேசினார்கள். அதன் பிறகே பயன்பாடு கூடியது.

ஊர் கூடி இழுத்த தேர் அது. களத்தில் இருப்பவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கத் தெரியாத ஒருவர், எத்தனை பெரிய பட்டம் வைத்திருந்தாலும் நமக்கு வேண்டாம். அந்தக் குணத்தை ஒரு மணி நேர நேர்காணலில் கண்டுபிடிக்க முடியாது. விண்ணப்பித்தவர் ஒருநாள் முழுக்க நம் சகோதரி ஒருவருடன் வீடுகளுக்குப் போய்வரட்டும். அவர் எப்படி நடந்துகொண்டார் என்று அந்தச் சகோதரியிடம் கேளுங்கள். சரி, கேட்டால் மட்டும் போதுமா? வாக்கும் வேண்டும்.

ஆகவே தேர்வுக் குழுவில் களப்பணியாளர்களுக்கு இரண்டு இடம், முழு வாக்குரிமையுடன், அவர்களே தேர்ந்தெடுத்து அனுப்பும் ஆட்களுக்கு. இதைத் தீர்மானமாக முன்மொழிகிறேன். தலைவர் அவர்கள் இப்போதே வாக்கெடுப்புக்கு விடும்படி கேட்டுக்கொள்கிறேன்.