தண்ணீர் எங்கே போகிறது?

நேயர்களுக்கு வணக்கம். புதிதாகக் கன்று நட்டவர்கள் எல்லோரும் தவறாமல் கேட்கும் கேள்வி, "ஒரு நாளைக்கு எத்தனை தடவை தண்ணீர் விடணும்?" என்பது. எத்தனை தடவை என்பது இருக்கட்டும். எந்த இடத்தில் விடுகிறோம் என்பதை முதலில் பார்ப்போம்.

பையிலிருந்தோ தொட்டியிலிருந்தோ கன்றை எடுக்கும்போது வேரும் மண்ணும் சேர்ந்து ஒரு கட்டியாக வருமே, அதுதான் தாய்மண். நட்ட அன்றைக்குச் செடியின் வேர் மொத்தமும் அந்தக் கட்டிக்குள்தான் இருக்கிறது. குழியை மூடிய மண்ணில் எவ்வளவு ஈரம் இருந்தாலும், வேர் அங்கே எட்டும்வரை செடிக்கு அது உதவாது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நாற்றுப்பண்ணைகளில் தொட்டியை நிரப்புவது பெரும்பாலும் தென்னை நார்த்தூளும் மட்கிய உரமும் கலந்த, கனமில்லாத கலவை. இலைகள் உறிஞ்ச உறிஞ்ச அது சீக்கிரம் காய்ந்துவிடும். சுற்றியுள்ள தோட்டத்து மண்ணில் துளைகள் நுண்ணியவை என்பதால் அது தண்ணீரை இறுக்கிப் பிடித்து வைத்துக்கொள்ளும். பக்கத்தில் காய்ந்து கிடக்கும் கலவைக்கு எளிதில் விட்டுத் தராது. வாடிய செடியைத் தோண்டிப் பாருங்கள். குழி மண் கையில் பிசுபிசுவென்று ஒட்டும். தாய்மண்ணை விரலால் நெருடினால் உமி மாதிரி உதிரும். தினமும் தண்ணீர் விட்டும் செடி தாகத்தில் செத்தது என்றால் இப்படித்தான் செத்திருக்கும்.

அதனால் தொடக்கத்தில் தண்ணீர் தண்டின் அடியில், தாய்மண்ணின் மேலேயே விழ வேண்டும். தாய்மண்ணைவிடச் சற்றே பெரிதாக ஒரு வட்டப்பாத்தி கட்டி, வரப்பை நான்கு விரல் உயரத்துக்கு வைத்தால் போதும். தண்ணீரை மெதுவாக விடுங்கள். கலவை ஒரு தடவை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காது, ஊற்றியதெல்லாம் ஓரமாக வழிந்து கீழே இறங்கிவிடும். அப்போது கொஞ்சம் விட்டு, ஊற வைத்து, மறுபடி விட வேண்டும். நின்றபடி ஹோஸைப் பிடித்துச் சர்ரென்று பீய்ச்சினால் மேல்மண் நனைந்து கறுப்பாகத் தெரியும், பார்க்கத் திருப்தியாக இருக்கும். இரண்டு விரற்கடை கிளறினால் கீழே புழுதிதான்.

சரி, ஒரு தடவைக்கு எவ்வளவு விடுவது? புதர்ச்செடி என்றால் அது வளர்ந்த தொட்டியின் கொள்ளளவில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை. 12 லிட்டர் தொட்டிச் செடிக்கு 3 முதல் 4 லிட்டர். மரக்கன்றுக்குத் தண்டின் தடிமன் கணக்கு: ஒவ்வொரு 2.5 சென்டிமீட்டருக்கும் 4 முதல் 6 லிட்டர். முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு பன்னிரண்டு வாரம் ஆகும்வரை இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை, அப்புறம் வேர் பிடிக்கும்வரை வாரம் ஒரு தடவை. பொதுவான கணக்கு இது. மணற்பாங்கான மண்ணில் இடைவெளி குறையும், களிமண்ணில் கூடும். நாள்காட்டியைவிட விரலை நம்புங்கள்: தாய்மண்ணுக்குள் ஒரு விரல் ஆழத்துக்குக் குத்திப் பார்த்து, ஈரம் தட்டினால் அன்றைக்கு விட வேண்டாம். மழை பெய்த மறுநாளும் இந்தச் சோதனை வேண்டும். தூறல் பல சமயம் இலையோடு நின்றுவிடும்.

இலை தொங்கியதைப் பார்த்தவுடன் வாளியைத் தூக்குகிறவர்கள் ஒரு நிமிடம் பொறுக்கவும். தண்ணீர் மிஞ்சினாலும் இலை தொங்கும். மண்ணின் துளைகளில் தண்ணீர் நிரம்பி நின்றால் காற்றுக்கு இடமில்லை. மூச்சுமுட்டிய வேர் அழுகும், அழுகிய வேரால் தண்ணீர் எடுக்க முடியாது. காய்ந்த செடியின் இலையோரம் பொரிந்து மொறுமொறுக்கும். ஊறிப்போன செடியின் இலை மஞ்சளாகித் தொய்யும், மண்ணை முகர்ந்தால் நாற்றம் வரும். ஆனால் தொடக்கத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அதற்கும் விரல் சோதனைதான் பதில்.

மண்ணின் மேல் மூடாக்கு அவசியம் பரப்புங்கள். சருகோ மரச்சீவலோ, 5 முதல் 10 சென்டிமீட்டர் கனம். ஆனால் தண்டைத் தொடாமல் நாலு விரல் தள்ளி. அழகுக்காகத் தண்டைச் சுற்றிக் குவித்து வைக்கிறார்கள்; பட்டை ஊறிக் கெடுவதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது.

பெரிய மரமாக வாங்கி நட்டால் சீக்கிரம் நிழல் கிடைக்கும் என்று பலருக்கு ஆசை. நிலத்திலிருந்து தோண்டி எடுத்த பெரிய மரம் தன் வேரில் பெரும்பகுதியை விட்டுவிட்டுத்தான் வருகிறது. குளிரான இடங்களில், தண்டுத் தடிமனின் ஒவ்வொரு 2.5 சென்டிமீட்டருக்கும் ஓராண்டு என்ற கணக்கில் வேர் பிடிக்கக் காலமாகும். வெப்பமான இடங்களில் இன்னும் சீக்கிரம். அதுவரை உங்கள் தண்ணீரை நம்பித்தான் அது நிற்கும். சிறிய கன்று அதற்குள் வேரூன்றி அதை எட்டிப் பிடித்துவிடுவதும் உண்டு. என்னைக் கேட்டால் சிறியதை நடச் சொல்வேன்.

கடைசியாக ஒன்று. வேர் வெளியே பரவப் பரவ வட்டப்பாத்தியையும் அகலமாக்க வேண்டும். சொட்டுநீர் போட்டிருப்பவர்கள் முதல் நாள் தண்டருகே வைத்த சொட்டுவானை, அதாவது தண்ணீர் சொட்டும் முனையை, வருடக்கணக்கில் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். அடுத்த பருவம் தொடங்கும்போது அதைக் கொஞ்சம் வெளியே நகர்த்தி, கூட ஒன்றோ இரண்டோ சேர்த்து வையுங்கள். வணக்கம்.