மூன்று தணிக்கை

நேயர்களுக்கு வணக்கம்.

இந்த உரைக்கு அழைத்த நண்பரிடம் முதலில் முடியாது என்றுதான் சொன்னேன். பௌத்தம் பற்றிப் பேச, பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலி படித்தவர்கள் இருக்கிறார்கள், துறவிகள் இருக்கிறார்கள். நான் கணக்கு எழுதிப் பிழைத்தவன். பேரேடும் தணிக்கையும் தவிர வேறொன்றும் உருப்படியாகத் தெரியாது. "அப்படியானால் அதையே பேசுங்கள்" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டார். சரி, அதையே பேசுகிறேன்.

முதலில் ஓர் எண். 540.

பல வருடங்களுக்கு முன் ஒரு மாதக் கடைசி. மாலை ஏழு மணி தாண்டியும் கணக்கு ஒத்துவரவில்லை. 540 உதைத்தது. கணக்கு எழுதுகிறவர்களுக்கு ஒரு சின்னச் சூத்திரம் தெரியும். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால், எங்கேயோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். தேடினேன். 6,390 என்று இருக்க வேண்டிய இடத்தில் 6,930. எழுதியவர் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத ஓர் இளைஞர். அவரைக் கூப்பிட்டேன். மற்றவர்கள் வீட்டுக்குக் கிளம்பப் பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற நேரம். "எண்ணைப் பார்த்து எழுதத் தெரியாதவருக்கு எதற்கு இந்த வேலை?" என்று தொடங்கி ஐந்து நிமிடம் பேசினேன். அவர் வாய் திறக்கவில்லை. கையிலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றார். நான் பேசியதில் பாதி மறந்துவிட்டது. அந்த 'டிக், டிக்' மறக்கவில்லை.

அப்போதே நான் பஞ்சசீலம் எடுத்துக்கொண்டவன். கொலை, களவு, தகாத காமம், பொய், மது, இந்த ஐந்திலிருந்தும் விலகியிருப்பேன் என்று தினமும் காலையில் சொல்வேன். அன்றைக்கு அந்த ஐந்தில் ஒன்றையும் நான் மீறவில்லை. பொய் சொன்னேனா என்றால், இல்லை. தவறு அந்த இளைஞருடையதுதான், அதில் சந்தேகமே இல்லை. என் கணக்குப்படி எல்லாம் சரி. ஆனாலும் இரவு இரண்டு மணி வரை புரண்டுகொண்டிருந்தேன்.

இதற்கு விடை எனக்குக் கிடைத்தது மணிமேகலையில். பள்ளிக்கூடத்தில் அட்சய பாத்திரத்தோடு முடித்துவிட்ட காப்பியம் அது. அதில் அறவண அடிகள் என்ற பௌத்தத் துறவி தீவினைகளைப் பத்து என்று எண்ணிச் சொல்கிறார். உடம்பில் தோன்றுபவை மூன்று: கொலை, களவு, காமம். உள்ளத்தில் தோன்றுபவை மூன்று: வெஃகல், அதாவது பிறர் பொருளுக்கு ஆசைப்படுவது; வெகுளல், அதாவது கோபம்; பொல்லாக் காட்சி, அதாவது தவறான பார்வை. சொல்லில் தோன்றுபவை நான்கு: பொய், குறளை, கடுஞ்சொல், பயனில் சொல். கவனித்தீர்களா? உடம்புக்கு மூன்று, மனத்துக்கு மூன்று, வாய்க்கு மட்டும் நான்கு. பாலி நூல்களிலும் இதே பத்துதான், இதே கணக்குதான். நான் பஞ்சசீலத்தில் பொய் என்ற ஒரு பத்தியை மட்டும் சரிபார்த்துவிட்டு, மற்ற மூன்று பத்திகளையும் திறக்காமலே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

குறளை என்றால் கோள். இங்கே கேட்டதை அங்கே சொல்லி இருவரைப் பிரிப்பது. அங்கே சொல்வது உண்மையாகவே இருந்தாலும் அது குறளைதான். கடுஞ்சொல்லும் அப்படியே, அதற்கு உண்மை ஒரு சாக்கு ஆகாது. அப்படியென்றால் கசப்பான எதையும் யாரிடமும் சொல்லவே கூடாதா என்று கேட்கத் தோன்றும். இந்தக் கேள்வியை அபயன் என்ற இளவரசன் புத்தரிடமே கேட்டிருக்கிறான். கேட்டபோது அவன் மடியில் ஒரு கைக்குழந்தை. "இந்தக் குழந்தை ஒரு கல்லை வாயில் போட்டுக்கொண்டால் என்ன செய்வாய்?" என்று புத்தர் திருப்பிக் கேட்கிறார். இரத்தம் வந்தாலும் விரலை விட்டு எடுத்துவிடுவேன், குழந்தை மேல் உள்ள இரக்கத்தால் எடுப்பேன் என்கிறான். சில சமயம் நானும் அப்படித்தான் பேசுகிறேன், ஆனால் உண்மையாகவும் பயனுள்ளதாகவும் இருந்தால்தான் பேசுகிறேன், அதற்கும் நேரம் பார்த்துத்தான் பேசுகிறேன் என்பது அவருடைய பதில். அன்றைக்கு நான் செய்தது என்ன? கல்லை வாயிலேயே விட்டுவிட்டுக் குழந்தையை அறைந்தேன். இலக்கம் இடம் மாறினால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று அந்த இளைஞருக்கு நான் சொல்லித் தரவே இல்லை.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பஞ்சசீலத்தின் ஒவ்வொரு வரியும் பாலியில் 'சிக்காபதம் சமாதியாமி' என்று முடிகிறது. சிக்கா என்றால் பயிற்சி. இந்தப் பயிற்சிப் படியை நான் மேற்கொள்கிறேன் என்று பொருள். 'கொல்லாதே' என்று மேலேயிருந்து வரும் ஆணை அங்கே இல்லை. நானாக எடுத்துக்கொள்கிறேன், தவறினால் நானாகத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கணக்குத் தவறினால் அதை அடித்துவிட்டுச் சரியானதை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போடுவோமே, அது மாதிரி. பக்கத்தையே கிழித்துப் போட்டால்தான் குற்றம்.

புத்தர் தம் மகன் ராகுலனுக்குச் சொன்ன அறிவுரை ஒன்று மஜ்ஜிம நிகாயம் என்ற பாலித் தொகுப்பில் இருக்கிறது. அப்போது ராகுலனுக்கு ஏழு வயது என்பது மரபு. தந்தை வருவதைப் பார்த்துப் பையன் ஆசனம் போட்டு, கால் கழுவத் தண்ணீர் வைக்கிறான். கழுவிவிட்டுச் செம்பில் கொஞ்சம் தண்ணீரை மிச்சம் வைக்கிறார் புத்தர். "தெரிந்தே பொய் சொல்லி வெட்கப்படாதவனிடம் இருக்கும் துறவு இவ்வளவுதான்" என்கிறார். பிறகு அந்தத் தண்ணீரையும் கொட்டுகிறார், செம்பைக் கவிழ்க்கிறார், நிமிர்த்திக் காலியாகக் காட்டுகிறார். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம். ஏழு வயதுப் பையனுக்கு இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது!

அதற்கு அப்புறம் வருவதுதான் எனக்கு முக்கியம். "கண்ணாடி எதற்கு, ராகுலா?" "பார்ப்பதற்கு." அப்படியானால் ஒரு செயலைச் செய்வதற்கு முன் பார், செய்துகொண்டிருக்கும்போது பார், செய்து முடித்தபின் பார் என்கிறார். இது என்னையோ பிறரையோ இருவரையுமோ வருத்துமா? உடம்பால் செய்வதற்கும் வாயால் சொல்வதற்கும் மனத்தால் நினைப்பதற்கும் இதே மூன்று பார்வை. படித்தபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. எங்கள் தொழிலில் இதற்கு முன் தணிக்கை, உடன் தணிக்கை, பின் தணிக்கை என்று பெயர்.

அசோகர் இந்த அறிவுரையைத் தனியாகவே குறிப்பிட்டிருக்கிறார். பைராட் கல்வெட்டில், பொய் பேசுவது பற்றி ராகுலனுக்குச் சொன்னது உட்பட ஏழு நூல்களைப் பெயர் சொல்லி, துறவிகள் மட்டுமல்லாமல் இல்லறத்து ஆண்களும் பெண்களும் இவற்றை அடிக்கடி கேட்க வேண்டும் என்று எழுதிவைத்தார். கி.மு. மூன்றாம் நூற்றாண்டுக் கல் அது. இன்று கொல்கத்தாவில் ஆசியவியல் கழகத்தில் இருக்கிறது. இல்லறத்தார் என்று அவர் சேர்த்துச் சொன்னதால்தான் எனக்கும் பேசத் துணிச்சல் வருகிறது.

மூன்று தணிக்கையில் எது சுலபம்? பின் தணிக்கை. இரவில் படுத்தபின் எல்லாம் தெளிவாகத் தெரியும். உடன் தணிக்கை பெரும் கஷ்டம். வாய் பேசிக்கொண்டிருக்கும்போதே காது அதைக் கேட்க வேண்டும். என் அனுபவத்தில் ஒரே ஒரு தடயம் உதவுகிறது: கடுஞ்சொல் வரும்போது மூச்சு மேலேறி நெஞ்சுக்கு வந்துவிடும். மூச்சைக் கவனித்துக் கொஞ்சம் பழகியவர்களுக்கு அது சட்டென்று பிடிபடும். தினமும் உட்கார்ந்து மூச்சைப் பார்ப்பதால் எனக்கு ஞானம் ஒன்றும் வரவில்லை. இந்தத் தடயம் மட்டும் வந்தது, அதுவும் பத்துக்கு மூன்று தடவைதான்.

முன் தணிக்கைக்கு வருகிறேன். கட்டுப்பாடு என்றாலே பல்லைக் கடித்துக்கொண்டு அடக்குவது என்றுதான் நாம் வைத்திருக்கிறோம். வேண்டாத எண்ணங்களை என்ன செய்வது என்பதற்கு ஐந்து வழிகள் சொல்லும் ஓர் உரையும் அதே நிகாயத்தில் இருக்கிறது. முதல் வழி, அதன் இடத்தில் நல்ல எண்ணம் ஒன்றை வைப்பது. தச்சர் ஓர் ஆப்பை வைத்து இன்னோர் ஆப்பை வெளியே தட்டுவது போல. இரண்டாவது, அதன் கேட்டைப் பார்ப்பது. மூன்றாவது, அதைக் கண்டுகொள்ளாமல் விடுவது. நான்காவதற்குச் சொல்லும் உவமை எனக்கு மிகவும் பிடிக்கும். ஒருவன் வேகமாக நடக்கிறான். ஏன் இவ்வளவு வேகம் என்று தோன்றுகிறது, மெதுவாக நடக்கிறான். ஏன் நடக்க வேண்டும், நிற்கிறான். ஏன் நிற்க வேண்டும், உட்காருகிறான். ஏன் உட்கார வேண்டும், படுத்துவிடுகிறான். எண்ணத்தையும் அப்படிப் படிப்படியாக இளைப்பாற விடுவது. இந்த நான்கும் பலிக்காதபோதுதான் ஐந்தாவது, பல்லைக் கடித்து மனத்தை மனத்தால் அழுத்துவது. நான் பல வருடம் நேராக ஐந்தாவதிலேயே தொடங்கினேன். பல்தான் தேய்ந்தது.

கோபத்தில் பதில் கடிதம் எழுதும்போது இப்போது நான்காவதைச் செய்து பார்க்கிறேன். முழுக் கடிதத்தையும் எழுதிவிட்டு, பெறுநர் பெயரை மட்டும் நிரப்பாமல் வைப்பேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் நான்கு வாக்கியம் தேவையில்லை என்று தெரியும். மறுநாள் பார்த்தால் கடிதமே தேவையில்லை.

அலுவலக வேலைக்கும் இதற்கும் ஒத்துவராது என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் பெயர் ஊ பா கின். பர்மாவில் 1937-ல் தியானம் பழகத் தொடங்கியவர். அவருக்குக் கற்றுக்கொடுத்த சயா தெட்ஜியும் துறவி இல்லை, ஒரு விவசாயி. 1948 ஜனவரி 4, பர்மா சுதந்திரம் பெற்ற அன்று, அந்நாட்டின் முதல் தலைமைக் கணக்காயராகப் பொறுப்பேற்றார் ஊ பா கின். தன் அலுவலகத்திலேயே ஊழியர்களுக்கு விபசனா என்ற தியான முறையைக் கற்றுக்கொடுத்தார். 1952-ல் ரங்கூனில் தியான மையம் தொடங்கிய பிறகும் அரசுப் பணியில் நீடித்தார். பின்னாளில் விபசனாவை உலகமெங்கும் கொண்டுபோன கோயங்கா அவருடைய மாணவர். கணக்கர் ஒருவர் இத்தனையும் செய்திருக்கிறார் என்பதில் எனக்கு ஒரு சாதிப் பெருமை, தொழில் சாதியைச் சொல்கிறேன்.

பெருமை என்றதும் ஞாபகம் வருகிறது. நடுவில் சில மாதம் எனக்குத் தீவிரம் தலைக்கேறியது. ஒரு மணி நேரம் கால் அசைக்காமல் உட்காருவது என்று சங்கல்பம். வீட்டில் எல்லாரும் நுனிக்காலில் நடந்தார்கள். ஒரு நாள் யாரோ கதவைச் சாத்திய சத்தத்துக்கு, கண்ணை மூடியபடியே கத்திவிட்டேன். என் மனைவி அமைதியாகச் சொன்னார்: "தியானம் முடிஞ்சதும் சொல்லுங்க, நாங்களும் கொஞ்சம் மூச்சு விட்டுக்கறோம்."

சோணன் என்ற செல்வந்தர் வீட்டுப் பிள்ளை துறவியானபின், பாதத்தில் இரத்தம் வரும்வரை நடந்து நடந்து தியானம் செய்தானாம். பயனில்லை என்று வீட்டுக்கே திரும்ப நினைத்தபோது புத்தர் அவனிடம் கேட்டது வீணையைப் பற்றி. நரம்பு அதிகம் இறுகினால் வாசிக்க வருமா? தளர்ந்தால்? அவன் வீணை வாசித்துப் பழகியவன், அதனால் அவனுக்கு அந்த மொழியில் சொன்னார். எனக்கு அதை என் மனைவி சொன்னார்.

அந்த இளைஞருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வாயால் செய்த தவறு பின்னால் தெரியவந்தால் அதை மறைக்காமல் ஆசிரியரிடமோ அறிவுள்ள தோழரிடமோ சொல்லிவிட வேண்டும் என்கிறது ராகுலனுக்குச் சொன்ன அறிவுரை. நான் ஆசிரியரைத் தேடவில்லை, நேராக அவர் மேசைக்கே போனேன். மூன்று நாள் ஆயிற்று அதற்கு. "அன்றைக்கு எல்லார் முன்னாலும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றேன். அவர் எழுந்து நின்று, "பரவாயில்லை சார், தப்பு என்னுடையதுதானே" என்றார். 'ஆமாம்' என்ற சொல் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. முன் தணிக்கையில் நான் நிறுத்திவைத்த முதல் சொல் அதுதான். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார்க்கும் அந்தச் சூத்திரத்தைச் சொல்லிக்கொடுத்தேன். "இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே சார்" என்றார். சொல்லியிருக்கலாம்.

அதிலிருந்து ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். பக்கத்துக்கு நான்கு பத்தி: பொய், குறளை, கடுஞ்சொல், பயனில் சொல். இரவில் கோடு போடுவேன். பொய்யில் கோடுகள் குறைவு. குறளையில் எதிர்பார்த்ததைவிட அதிகம். கடுஞ்சொல், நாளைப் பொறுத்தது. நான்காவது பத்திதான் எப்போதும் இடம் போதாமல் அடுத்த பக்கத்துக்குப் போகிறது. கோடு குறைந்தால் ஒரு மிதப்பு வருகிறது, அதற்குத் தனிப் பத்தி போடலாமா என்று யோசித்துக் கைவிட்டேன். சரியாக நடந்த நாளில் அந்த மகிழ்ச்சியோடேயே இருந்து இரவும் பகலும் பயிற்சியைத் தொடர் என்றும் ராகுலனுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அந்த வரியை நான் வெகுநாள் கவனிக்காமல் விட்டிருந்தேன். செலவை மட்டும் எழுதி வரவை எழுதாத கணக்கு.

எனக்குக் கொடுத்த நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நண்பர் கை காட்டுகிறார். இன்றிரவு நோட்டைத் திறக்கும்போது, இந்தப் பேச்சை நான்காவது பத்தியில் போடுவதா வேண்டாமா என்று பார்க்க வேண்டும். வணக்கம்.