கணுக்கால் மூட்டு: இணைப்பதா, மாற்றுவதா?

நேயர்களுக்கு வணக்கம்.

முழங்கால் தேய்மானம் பெரும்பாலும் வயதோடு வருவது. கணுக்கால் அப்படியல்ல, பழைய காயத்தின் பாக்கி. இருபது வயதில் கணுக்கால் எலும்பு முறிந்தவர் ஐம்பதில் நொண்டிக்கொண்டு வருவார். "அது அப்பவே சரியாப் போச்சே டாக்டர்" என்பார். எலும்பு கூடியது உண்மைதான். அதன் மேல் படர்ந்த மெல்லிய குருத்தெலும்பு மட்டும் அன்று பட்ட அடியிலிருந்து மீளவே இல்லை.

மாத்திரை, கணுக்கால் பட்டை, காலணி மாற்றம், ஊசி எல்லாம் பார்த்தபிறகே அறுவை சிகிச்சை. மூட்டின் முன்பக்கம் எலும்பு முளைத்து இடித்தால், ஆர்த்ரோஸ்கோபியில், அதாவது மூட்டுக்குள் சிறு கேமரா விட்டுச் செய்யும் முறையில், சிறு துளை வழியே செதுக்கிவிடலாம். மூட்டு முழுக்கத் தேய்ந்தவருக்கு அது வீண்வேலை. கால் கோணி ஒருபக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், கணுக்காலுக்குச் சற்று மேலே எலும்பை வெட்டி நேராக்கலாம்.

மற்றவர்களுக்கு இரண்டே வழி. முதலாவது மூட்டு இணைப்பு. மிஞ்சிய குருத்தெலும்பைச் சுரண்டி எடுத்து, இரு எலும்புகளையும் ஸ்க்ரூ போட்டு ஒன்றாக்குவது. கேட்டதுமே "கால் கட்டையாகிவிடுமா?" என்று பதறுவார்கள். நியாயமான பயம்தான். ஆனால் அவர்கள் கணுக்கால் ஏற்கெனவே பாதி அசைவதில்லை. அந்த மிச்ச அசைவுதான் வலிக்கிறது. இணைத்தபின்னும் பாதத்தின் மற்ற மூட்டுகள் அசையும். சமதளத்தில் பலர் நடப்பதைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஏற்றமும் கரடுமுரடான தரையும் சிரமம். பல ஆண்டுகள் போனால் பக்கத்து மூட்டுகள் தேயலாம்.

இரண்டாவது செயற்கை மூட்டு: உலோகப் பாகங்கள், நடுவே பிளாஸ்டிக். 1970களில் வந்த மாதிரிகள் சீக்கிரமே தளர்ந்து பெயரைக் கெடுத்தன. இன்றையவை எவ்வளவோ மேல். பத்து ஆண்டுக்குப் பிறகும் பத்தில் எட்டுப் பேருக்காவது நிலைக்கின்றன. அசைவு மிஞ்சும். ஆனால் தளர்ந்தால் மறு அறுவை. அதனால் ஓடியாடி உழைக்கும் இளவயதினருக்கு நான் தயங்குவேன். உணர்விழந்த சர்க்கரை நோய்ப் பாதத்துக்கும், கிருமி தங்கிய மூட்டுக்கும் இது கூடாது.

எது உயர்ந்தது? பிரிட்டனில் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2022இல் வெளியானது. ஓராண்டில் இரு தரப்புமே நன்கு தேறியிருந்தார்கள். பெரிய வித்தியாசம் இல்லை. ஆக, ஸ்கேன் படத்தைவிட நோயாளியின் வேலையையும் வயதையும்தான் நான் அதிகம் விசாரிப்பேன்.

இன்னொன்றும் விசாரிப்பேன்: புகை. இணைத்த எலும்பு ஒன்றுசேர மூன்று மாதம்போல ஆகும். அதில் முதல் சில வாரங்கள் காலை ஊன்றவே கூடாது. புகைப்பவருக்கு எலும்பு கூடாமலே போகும் ஆபத்து அதிகம். நிறுத்தும்வரை நான் அறுவைக்குத் தேதி கொடுப்பதில்லை.